பிளான் கையில் இருக்கிறது. பில்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் சைட்டிலும் ஆர்க்கிடெக்ட் வேண்டுமா?

உடுமலைக் காற்று எழுதியது:

வணக்கமுங்க. உடுமலையில் தாராபுரம் ரோட்டுப் பக்கம் ஐந்தரை சென்ட் இடம். கீழே 1,450 சதுர அடி, மாடியில் 500. கோவையிலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட் வந்து இடத்தைப் பார்த்து, அப்பா அம்மாவோடு அரை நாள் உட்கார்ந்து பேசி பிளான் போட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு முட்டி வலி என்பதால் வாசலில் இருந்து படுக்கை அறை வரை ஒரு படிகூட இல்லை. பிளானில் எங்களுக்கு ஒரு குறையும் கிடையாது.

குழப்பம் இனிமேல்தான். பில்டரைத் தேர்ந்தெடுப்பதிலும் வீடு முடிகிற வரை சைட்டைப் பார்ப்பதிலும் அவர் கூட இருப்பதற்கு, கட்டுமானச் செலவில் 3 சதவீதம் தனியாகக் கேட்கிறார். சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். "படம் வரைஞ்சதோட அவரு வேலை முடிஞ்சுது. நம்ம இன்ஜினியர் இருக்கறப்போ இன்னொருத்தர் எதுக்கு?" என்கிறார்.

மூன்று பேரிடம் மெட்டீரியலோடு ரேட் கேட்டோம். சித்தப்பாவுக்குப் பழக்கமான இன்ஜினியர் சதுர அடிக்கு 2,150. உடுமலையிலேயே இன்னொருவர் 2,380. திருப்பூர் பில்டர் ஒருவர் 2,650. மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் 9,75,000 ரூபாய் வித்தியாசம். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அமராவதிக்கரை (கரூர்) எழுதியது:

தம்பி, நான் 1998ல் கட்டினேன். ஆர்க்கிடெக்ட் கிடையாது, பில்டர் கிடையாது. தெரிந்த மேஸ்திரி, லேபர் காண்ட்ராக்ட். சிமெண்ட், கம்பி எல்லாம் நாமே வாங்கிப் போட்டோம். எங்கள் அப்பா தினமும் காலையில் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து சாயங்காலம் வரை பார்த்தார். இன்றைக்கு வரை ஒரு விரிசல் இல்லை. 3 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் வரும். அதை வைத்து நல்ல கதவு ஜன்னல் போட்டுக்கொள்ளலாமே?

திருப்பூர் அம்மிணி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதிலேயே பதில் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு ஒருவர் தினமும் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டில் நானும் அவரும் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குப் போனால் இரவுதான் வருவோம். அப்படியே உட்கார்ந்து பார்த்தாலும் எனக்குக் கம்பி கட்டுவதில் எது சரி, எது தப்பு என்று தெரியாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடியில் நாலு அடி வெளியே நீட்டின பால்கனி. மறுநாள் காலை ஆறு மணிக்குக் கான்கிரீட். மிக்சர் வாடகை பேசி, ஆட்களுக்குச் சொல்லி எல்லாம் தயார். முந்தின நாள் சாயங்காலம் ஆர்க்கிடெக்ட் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு சென்ட்ரிங் மேல் ஏறி, டேப்பைப் பலகை மேல் நட்டுக்குத்தலாக நிறுத்தினார். ஐந்து அங்குல சிலாப்பில் மேல் கம்பி நாலு அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். எங்களுடையது இரண்டு அங்குலத்தில் கிடந்தது. கட்டும்போது சரியாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் அதன் மேலேயே நடந்து நடந்து கம்பி மிதிபட்டு இறங்கிவிட்டது.

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்த சிலாப்புக்கு நடுவில் இழுவிசை கீழே வரும். ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டுகிற பால்கனிக்கும் சன்ஷேடுக்கும் அது மேலே வரும். கம்பி கீழே கிடந்தால் எத்தனை கிலோ போட்டும் பிரயோஜனம் இல்லை. என் அக்கா வீட்டு சன்ஷேடு சுவர் ஓரமாக மேலே வெடித்து முன்னால் தொங்கியதற்குக் காரணமும் அப்போதுதான் தெரிந்தது.

அன்று இரவு ஒன்பது மணி வரை லைட் போட்டு, கம்பியைத் தூக்கி, அடியில் 'சேர்' என்கிற வளைத்த கம்பித் தாங்கி வைத்து மறுபடி கட்டினார்கள். நடக்கத் தனியாகப் பலகை போட்டார்கள். பில்டருக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் செய்தார். ஏன் செய்தார் என்றால், ஆர்க்கிடெக்ட் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தவணை என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான் போய்ச் சொல்லியிருந்தால் "அதெல்லாம் ஒன்னும் ஆகாதுங்க மேடம்" என்று முடிந்திருக்கும்.

உடுமலைக் காற்று எழுதியது:

அக்கா, படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எங்கள் பிளானிலும் மூன்றரை அடி பால்கனி இருக்கிறது.

கோவை வரைபலகை எழுதியது:

நான் 16 வருடமாக ஆர்க்கிடெக்ட். என் தொழிலுக்குப் பரிந்து பேசுகிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் சித்தப்பா சொல்வது நம் பக்கத்துப் பழக்கம். இங்கே 'இன்ஜினியரிடம் கொடுத்துவிட்டோம்' என்றால் பிளான், அப்ரூவல், கம்பி, சிமெண்ட், கூலி அத்தனையும் ஒரே ஆள். அப்படிக் கட்டித் தருகிறவர்களில் மிக நல்லவர்களை எனக்குத் தெரியும். ஆனால் கம்பி குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவரும், குறைந்தால் மிச்சம் பிடிக்கிறவரும் ஒருவராகவே ஆகிவிடுகிறார். வீட்டுக்காரர் பக்கத்தில், விஷயம் தெரிந்த ஒருவர் இல்லாமல் போகிறார். நீங்கள் கொடுக்கிற 3 சதவீதம் அந்த இடத்துக்குத்தான்.

1972ஆம் ஆண்டு கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி ஆர்க்கிடெக்ட் என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு எண் வேண்டும். வீடு வரையப் பதிவு கட்டாயம் என்று பொருள் இல்லை. அந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது என்று 2020ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே முதலில் உங்கள் ஆர்க்கிடெக்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், எங்களிடம் யாராவது கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

கவுன்சில் வகுத்திருக்கிற பணி நிலைகளில் வரைபடத்துக்குப் பிறகு பில்டர் நியமனம், கட்டுமானம், நிறைவு என்று இன்னும் மூன்று நிலை இருக்கிறது. விலைப்புள்ளி வரவழைத்து, அலசிப் பார்த்து, யாரை வைக்கலாம் என்று ஆலோசனை சொல்வது எங்கள் வேலை. முடிவு உங்களுடையது. ஒப்பந்தம் உங்களுக்கும் பில்டருக்கும் இடையில். நாங்கள் அதில் ஒரு தரப்பு கிடையாது, பில்டருக்கு ஜாமீனும் கிடையாது.

இப்போது உங்கள் மூன்று ரேட். அவர்கள் மூன்று வெவ்வேறு வீட்டுக்கு ரேட் சொல்லியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். 2,150ல் தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் சேர்ந்திருக்கிறதா? பேஸ்மென்ட் உயரம் ரோட்டிலிருந்து இரண்டடியா மூன்றடியா? அந்த ஓர் அடிக்கு நிரப்புகிற கிராவல் மண் யார் கணக்கு? போர்ட்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா? டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை? எத்தனை லைட் பாயின்ட்? சுவர் சேம்பர் செங்கல்லா, பிளை ஆஷ் கல்லா, ஹாலோ பிளாக்கா? கோவை தடாகம் பக்கத்துச் செங்கல் சூளைகள் 2021ல் மூடப்பட்ட பிறகு செங்கல் பேச்சை எழுதி வைக்காமல் விட்டால், பாதி வேலையில் "கல்லு கிடைக்கலீங்க" என்று வேறு கல் வந்து இறங்கும்.

அதனால் முதலில் பி.ஓ.க்யூ. என்கிற அளவுப் பட்டியலை உங்கள் ஆர்க்கிடெக்டிடம் வாங்குங்கள். கடக்கால் (அஸ்திவாரம்) மண் எத்தனை கன அடி, கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை கிலோ, பூச்சு எத்தனை சதுர அடி என்று வரிவரியாக இருக்கும். அதே பட்டியலை, அதே வரைபடங்களோடு மூவருக்கும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் விலை போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் கவரைப் பிரியுங்கள்.

அப்புறம் ஆளைப் பாருங்கள். புதுசாகக் கட்டிய வீட்டைக் காட்டுவார்கள், பெயின்ட் வாசம் போகாத வீட்டில் ஒன்றும் தெரியாது. மூன்று மழை பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். மாடி பாத்ரூமுக்கு நேர் கீழே இருக்கிற சீலிங்கைப் பாருங்கள், ஜன்னல் மூலையைப் பாருங்கள். நடக்கிற சைட் ஒன்றுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சொல்லாமல் போய் நில்லுங்கள். வாரக் கூலி அன்றைக்கே கைக்கு வருகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கூலி தள்ளிப் போகிற சைட்டில் திங்கட்கிழமை பாதி ஆள் வர மாட்டார்கள்.

அமராவதிக்கரை எழுதியது:

சரிங்க, நியாயமாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மச்சான் வீட்டுக்கு வந்த ஆர்க்கிடெக்ட் அவரே ஒரு பில்டரைக் கை காட்டினார். பாதியில்தான் தெரிந்தது, பில்டரிடம் அவருக்குப் பங்கு போகிறது. கேட்டால் எல்லாமே "ஓகே" என்பார். அப்படிப்பட்ட ஆளுக்கு எதற்குச் சம்பளம்?

கோவை வரைபலகை எழுதியது:

கோபம் இல்லைங்க, வருத்தம்தான். அப்படி நடக்கிறது. வேலை சேர்த்துவிடுவதற்காகக் கமிஷனோ தள்ளுபடியோ பரிசோ வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகள் சொல்கின்றன. மீறினால் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். வீட்டுக்காரர் செய்யக்கூடியது, ஆர்க்கிடெக்ட் சொல்கிற இரண்டு பேரோடு தானாகத் தேடிய இரண்டு பேரையும் பட்டியலில் சேர்ப்பது. நேர்மையான ஆர்க்கிடெக்ட் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். பில்டரிடமிருந்தோ கடைகளிடமிருந்தோ எதுவும் வாங்கவில்லை என்று ஒரு வரியை உங்களோடு போடுகிற ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாங்கள் தினமும் சைட்டில் இருக்க மாட்டோம். பேசி வைத்த இடைவெளியில், முக்கியமான கட்டங்களில் வருவோம். தினசரி மேற்பார்வைக்கு சைட் சூப்பர்வைசர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வீட்டுக்காரர் கொடுப்பது, அவர் ஆர்க்கிடெக்ட் சொல்படி நடப்பது என்பதுதான் கவுன்சிலின் முறை. சின்ன வீட்டுக்கு முழுநேர ஆள் கட்டுப்படி ஆகாது. அங்கே எந்தெந்தக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட் கட்டாயம் வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எல்லாம் மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை. கடக்கால் குழி தோண்டியதும், கம்பி கட்டியதும், சுவருக்குள் பைப் பதித்ததும், பாத்ரூமில் வாட்டர்புரூஃபிங் முடித்துத் தண்ணீர் நிறுத்தியதும். மூடிய பிறகு வந்து பார்த்து என்ன பயன்?

ரசமட்டம் (கோபி) எழுதியது:

நான் 34 வருசம் கரண்டி பிடித்தவன். இப்போது மகன் காண்ட்ராக்ட் எடுக்கிறான். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

நல்ல ஆர்க்கிடெக்ட் கீழே வேலை செய்வது எங்களுக்கும் நிம்மதி. ஆனால் படம் கொடுத்துவிட்டு போன் எடுக்காதவர்களிடம் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. படிக்கட்டுக்கு டீட்டெயில் வர வேண்டும் என்று 11 நாள் காத்திருந்தோம். சென்ட்ரிங் சாமான் வாடகை ஓடுகிறது, ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நஷ்டம் யார் தலையில்? எந்தப் படம் எந்தத் தேதிக்குள் வரும் என்று ஆர்க்கிடெக்டும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது, வீட்டுக்காரர்கள். ஜன்னலுக்கு மேல் லிண்டல் மட்டம் வந்தபிறகு "ஜன்னலை ஒரு அடி நகர்த்துங்க" என்று நேராகக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சாயங்காலம் அவர் வீட்டம்மா வந்து "யார் நகர்த்தச் சொன்னது?" என்பார். சைட்டில் கார்பன் வைத்த நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். என்ன மாற்றம், எத்தனை ரூபாய் கூடும், எத்தனை நாள் கூடும் என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாயில் சொன்னதை நாங்கள் கேட்கக் கூடாது, நீங்களும் சொல்லக் கூடாது.

தம்பி, 2,150 சொன்னவரை இன்னும் இறக்கிப் பேசிவிடாதீர்கள். கட்டுப்படி ஆகாத ரேட்டில் வேலை எடுத்தவன் கையிலிருந்து போட மாட்டான். பூச்சுக் கலவையில்தான் எடுப்பான்.

நொய்யல் தம்பி (பெருந்துறை) எழுதியது:

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கட்டடம் பாரத்தைத் தாங்கக் கணக்குப் போடுகிறவன். உடுமலை என்றதும் எனக்கு இரண்டு விஷயம் தோன்றியது.

முதலாவது மண். உங்கள் இடம் கரிசலா செம்மண்ணா? கரிசலாக இருந்தால் மழைக்கு உப்பிக்கொள்ளும், கோடையில் சுருங்கி வெடிக்கும். பக்கத்து வீட்டில் நாலரை அடி தோண்டினார்கள் என்று நாமும் அதே ஆழத்தில் நிறுத்தக் கூடாது. மண் பரிசோதனை செய்து, அதற்கேற்ற கடக்காலை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் போட வேண்டும். கரிசல் ரொம்ப ஆழமாகப் போனால் அடியில் குமிழ் வைத்த பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) தேவைப்படலாம். குழியைக் கண்ணால் பார்க்காமல் பி.சி.சி. என்கிற கம்பியில்லாத அடிக் கான்கிரீட்டைப் போட விடாதீர்கள்.

இரண்டாவது உங்கள் ஊர்க் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றில் மொட்டை வெயிலில் சிலாப் போட்டால் மேல் ஈரம் ஒரு மணி நேரத்தில் பறந்து, கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே மயிரிழை விரிசல் ஓடும். ஆனி, ஆடியில் போட வேண்டி வந்தால் மேற்குப் பக்கம் தார்ப்பாய் மறைப்புக் கட்டி, மத்தியானத்துக்கு மேல் ஆரம்பித்து, போடப் போடவே ஈரச் சாக்கால் மூட வேண்டும். ஐ.எஸ். 456 என்கிற இந்தியக் கான்கிரீட் தரவிதி சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெப்பக் காலத்தில் 10 நாள் தண்ணீர் விடச் சொல்கிறது. இப்போது மூட்டையில் வருவது பெரும்பாலும் சாம்பல் கலந்த சிமெண்ட், அதற்கு 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். காலையில் ஒரு தடவை ஓஸ் பிடிப்பது போதாது.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. கலவை ஓடட்டும் என்று மிக்சர்காரர் கை தாராளமாகப் போகும். எம்20 என்கிற தரத்துக் கான்கிரீட் கலவைக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சம். அளவு வாளி இல்லாமல் மிக்சரை ஓட்ட விடாதீர்கள்.

கம்பியை நீங்களே சரிபார்க்கலாம். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மில்லி கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10.7 கிலோ. எடை மேடை ரசீதையும் கம்பி எண்ணிக்கையையும் வைத்துப் பாருங்கள்.

திருப்பூர் அம்மிணி எழுதியது:

பணம் கொடுப்பதைப் பற்றி யாரும் விவரமாகச் சொல்லவில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் தேதி வைத்துத் தவணை கிடையாது, வேலை வைத்துத்தான். பிளிந்த் பீம் (தரைமட்ட உத்தரம்) முடிந்தால் இவ்வளவு, ரூஃப் போட்டால் இவ்வளவு. பில்டர் பில் கொடுப்பார், ஆர்க்கிடெக்ட் அளந்து பார்த்து எழுதிக் கொடுப்பார், நாங்கள் ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிடுவோம். அந்த ஒரு வாரத்தை நாங்கள் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்து வைத்து, குடி போய் ஒரு வருடம் ஆனதும் கொடுத்தோம். அந்த ஒரு வருடத்தில் ஐப்பசி மழையில் மாடிப்படி அறைச் சுவர் கசிந்தது. போன் செய்த மூன்றாம் நாள் ஆள் வந்தது.

உடுமலைக் காற்று எழுதியது (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றிங்க. நடந்ததை எழுதுகிறேன்.

ஆர்க்கிடெக்டிடம் பேசி 3 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டோம். எந்தெந்தக் கட்டத்தில் வருவார் என்று 14 வருகை எழுதியிருக்கிறார். படங்கள் வருகிற தேதியும் எழுதியிருக்கிறார் (ரசமட்டம் ஐயாவின் பதிவை அவருக்கு அனுப்பியிருந்தேன்). பி.ஓ.க்யூ. போட்டு மூவருக்கும் கொடுத்தோம். 2,150 சொன்னவர் 2,480க்கு வந்தார். காம்பவுண்டும் செப்டிக் டேங்கும் முன்பு சேர்க்கவே இல்லையாம். 2,380 இப்போது 2,460. திருப்பூர் பில்டர் 2,590. ஒன்பதே முக்கால் லட்சமாக இருந்த வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்கு வந்துவிட்டது.

சித்தப்பாவை ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டியில் உட்கார வைத்து, முதலில் அவருடைய இன்ஜினியர் சைட்டுக்கும் அப்புறம் 2,460 சொன்னவர் சைட்டுக்கும் கூட்டிப் போனேன். முதல் சைட்டில் சித்தாள் அம்மாக்கள் நாலு பேர் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கூலிக்காக உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணி வரை யாரும் வரவில்லை. இரண்டாவதில் ஐந்தரைக்கே கொடுத்து அனுப்பிவிட்டார்கள், சிமெண்ட் மூட்டைகள் பலகை மேல் ஏற்றித் தார்ப்பாய் மூடி இருந்தன. திரும்பி வரும்போது சித்தப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே, "ரெண்டாவது ஆளுக்கே குடுத்தரலாம், நம்மாளுக்கு நானே பேசிக்கறேன்" என்றார். 2,460 சொன்ன உடுமலைக்காரருக்குக் கொடுத்தோம்.

நேற்றுக் கடக்கால் குழி. படத்தில் ஐந்தடி. ஐந்தடியில் இரண்டு குழியில் கெட்டியான சுக்கான் மண் வந்துவிட்டது, வடகிழக்கு மூலைக் குழியில் இன்னும் கரிசல். பில்டர் நிறுத்திவிட்டு ஆர்க்கிடெக்டுக்குப் போன் செய்தார். அவர் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரோடு மத்தியானம் வந்து, குழிக்குள் இறங்கி, கடப்பாரையால் குத்திப் பார்த்து இன்னும் ஒன்றரை அடி எடுக்கச் சொன்னார். நோட்டில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். கூடுதல் 9,200 ரூபாய்.

வியாழக்கிழமை ஃபூட்டிங் (தூணின் அடித்தளம்) கான்கிரீட். வலிமையை உடைத்துப் பார்க்கிற கான்கிரீட் கியூப் எத்தனை எடுக்கச் சொல்வது?

நொய்யல் தம்பி எழுதியது:

5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, ஒரு மாதிரிக்கு மூன்று கியூப், 28ஆம் நாள் உடைப்பதற்கு. 7ஆம் நாள் பார்க்க இன்னொரு மூன்று சேர்த்து ஆறாக எடுங்கள். 150 மில்லி இரும்பு அச்சு, உள்ளே எண்ணெய் தடவியிருக்க வேண்டும். மிக்சர் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் எடுக்கிற கலவையில் போடச் சொல்லுங்கள். மறுநாள் கழற்றித் தேதி எழுதித் தண்ணீருக்குள் போட்டுவிடுங்கள். சிவில் துறை இருக்கிற பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு உடைத்து அறிக்கை தருவார்கள்.

ரசமட்டம் எழுதியது:

வடகிழக்குக் குழியை இரவே சாக்குப் போட்டு மூடி வையுங்கள் தம்பி. கோபியில் இப்போது மழை பிடித்திருக்கிறது. குழியில் தண்ணீர் நின்றுவிட்டால் அடி மண் சேறாகிவிடும், அந்தச் சேற்றை வழித்து எடுத்த பிறகுதான் பி.சி.சி. போட வேண்டும்.